அழிக்கச் சொன்ன காகிதம்

(சட்ட மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இளைஞர் நீதிச் சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். பிரிவுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் உங்களுக்குத் தூக்கம் வரும், எனக்கும் வரும். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். மேடையில் இதைச் சொல்வது இதுதான் முதல்முறை. அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

2017 கோடை விடுமுறை. எனக்குப் பதினாறு வயது. அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. சனிக்கிழமை கூலி வாங்கினால் டாஸ்மாக் வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். அம்மாவை அவர் அடிப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அன்றைக்கு அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் குறுக்கே போய் அவரைத் தள்ளினேன். வாசலில் கிடந்த அம்மிக்கல்மீது விழுந்தார். முழங்கை எலும்பு முறிந்துவிட்டது.

விலக்கிவிடத்தான் தள்ளினேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. பல வருடக் கோபம் அந்தக் கையில் இருந்தது.

அரசு மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டிருக்கிறார்கள். "எம்புள்ளதான் தள்ளிட்டான்" என்று போதையில் சொல்லிவிட்டார். அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. மறுநாள் காலையில் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். அம்மாவின் நெற்றியில் நான்கு தையல். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு வழக்கும் இல்லை.

நிலையத்தில் முதல் கேள்வி, "எந்தத் தெருடா?" காலனி என்றேன். வயதைக் கேட்கவே இல்லை, ஆளைப் பார்த்துப் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்கள். இந்திய தண்டனைச் சட்டம் 325, கொடுங்காயம். சாயங்காலம் எங்கள் தலைமையாசிரியர் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் அன்றிரவு நான் பெரியவர்களோடு சிறையில் இருந்திருப்பேன். வயதுக்கு எந்த ஆவணத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று 94ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லையென்றால்தான் மருத்துவச் சோதனை. காவலரின் கண் அந்தப் பட்டியலில் கிடையாது. பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்ட, வீட்டில் பிறந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். அவனுக்காக யார் காகிதம் எடுத்துக்கொண்டு ஓடுவார்?

எனக்கு எப்.ஐ.ஆரே போட்டிருக்கக் கூடாது என்பது பிற்பாடு சட்டம் படித்தபோதுதான் தெரிந்தது. ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனை உள்ள கொடிய குற்றமாக இருக்க வேண்டும், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் சிறுவர்மீது எப்.ஐ.ஆர். மற்றதையெல்லாம் பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் இருக்கிறது.

குழுமத்தில் அப்பா அழுதார். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதினார். சில மாதம் ஆலோசனை. பிறகு அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பினார்கள். "இது உன் வாழ்க்கையில் இனி எங்கேயும் வராது, நல்லாப் படி" என்றார் நடுவர். அந்த அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன்.

அதே ஆண்டு பக்கத்து ஊர்த்தெருவில் ஒரு பையன் தன் அண்ணியை அடித்துக் கையை உடைத்தான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், வைத்தியச் செலவைக் கொடுத்தார்கள், முடிந்தது. காவல் நிலையத்துக்குச் சேதியே போகவில்லை. அவன் இன்றைக்கு அரசு வேலையில் இருக்கிறான். இருக்கட்டும். அவன்மீதும் வழக்கு போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்குக் கிடைத்த மறதி எனக்கும் கிடைத்திருக்க வேண்டும். அந்த அண்ணிக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

பட்டம் முடித்ததும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். 1500 மீட்டர் ஓடினேன், கயிறு ஏறினேன். விண்ணப்பத்தில் குற்ற வழக்கு எதிலாவது சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கட்டம். நடுவர் சொன்னது காதில் இருந்தது. "இல்லை" என்று எழுதினேன். சரிபார்ப்புக்கு வந்ததோ அதே காவல் நிலையம். பழைய எப்.ஐ.ஆர். எண்ணைக் குறித்து அனுப்பிவிட்டார்கள். உண்மையை மறைத்ததால் தேர்வு ரத்து என்று நான்கு வரியில் கடிதம் வந்தது.

இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். "ஆம்" என்று எழுதினால் குற்றப் பின்னணி. "இல்லை" என்று எழுதினால் மறைத்த குற்றம். தகவலை மறைத்தால் வேலை தருபவர் என்ன செய்யலாம் என்பதற்கு 2016இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் நெறிகள் வகுத்தது. அற்ப வழக்கென்றால் மன்னிக்கலாம் என்று அதில் இருக்கிறது. நடைமுறையில் கடிதம் எழுதும் அலுவலகத்துக்கு "மறைத்தார்" என்ற ஒரு சொல் போதும்.

தமிழ்நாட்டில் காவலர் பணி விதிகளில் இன்னொன்றும் உண்டு. சந்தேகத்தின் பலனாலோ, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டுமாம். வீட்டுக்குள் நடந்த சண்டை வழக்குகள் எப்படி முடியும்? அப்பா கூண்டில் ஏறி, "எம்புள்ள தள்ளல சார், நானே விழுந்தேன்" என்பார். பெற்ற பாசம் சட்டத்தின் மொழியில் பிறழ்சாட்சி.

சிறுவர் விஷயத்தில் இவை எதுவுமே செல்லக் கூடாது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குற்றம் செய்ததாகக் கண்டறியப்பட்ட குழந்தைக்கும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. பதினாறு வயது தாண்டி, கொடிய குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த விதிவிலக்கே தப்பு என்பது என் கருத்து. ஆவணங்களை அழிக்கவும் அதே பிரிவு உத்தரவிடச் சொல்கிறது. மேல்முறையீட்டுக் காலம் அல்லது ஏழாண்டு, அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது மாதிரி விதி. 74ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. முடிந்துபோன வழக்கில் நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறெதற்காகவோ காவல்துறை அந்தப் பதிவை வெளியே சொல்லக் கூடாது.  ஆக, என்னைப் பற்றிக் குறிப்பு எழுதியவர்தான் சட்டத்தை மீறினார். வேலை போனதோ எனக்கு. 2019இல் மத்தியப் படை ஒன்றின் வேலை தொடர்பான வழக்கில், சிறு வயது வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். கேள்விப்படவே இல்லை. உயர்நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பணம் பாதிக் காரணம், வெட்கம் மீதி.

போன மாதம் ஒரு கூட்டத்தில் இதைக் கொஞ்சம் பேசியபோது ஒரு தோழி எழுந்து கேட்டார்: "நீங்க அம்மாவைக் காப்பாத்தினீங்க, சரி. காதலிச்சதுக்காகத் தங்கச்சியை மிதிச்ச அண்ணனுக்கும் இதே மறதியா?" அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. சாதியைக் காப்பாற்ற வீட்டுக்குள் முதலில் கை ஓங்குவது பல இடங்களில் பதினேழு வயது அண்ணன்தான். அதை மழுப்பினால் நாம் பேசும் சாதி ஒழிப்புக்கு அர்த்தம் கிடையாது.

இப்போது என் பதில் இது. அவனுக்கும் பதிவு அழிய வேண்டும். ஆனால் தங்கைக்கு அன்றைக்கே பாதுகாப்பு வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் எதிர்மனுதாரர் என்றால் 'வயதுவந்த ஆண்' என்றுதான் முதலில் இருந்தது. 2016 அக்டோபரில் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இரு சொற்களையும் நீக்கியது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையும் வீட்டு வன்முறையில் பங்கெடுக்கக்கூடும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தில் தங்கை பாதுகாப்பு ஆணை வாங்கலாம், வசிப்பிட ஆணை வாங்கலாம். ஆணையை மீறினால்தான் குற்ற வழக்கு. அன்றைக்கு என் அம்மாவிடமும் இப்படி ஒரு வழி இருக்கிறதென்று யாராவது சொல்லியிருந்தால், நான் நடுவில் போயிருக்கவே வேண்டியதில்லை. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் மாவட்டத்தில் இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டாஸ்மாக் எங்கே இருக்கிறது என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

பதிவேடு என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் நீண்ட வரலாறு உண்டு. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறக்கும்போதே பெயர் எழுதியது. சென்னை மாகாணத்தில் 1947இல் அது போனது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. 2024 மே மாதம் டெல்லி காவல்துறையின் ரவுடிப் பட்டியல் தொடர்பான வழக்கில், பட்டியலில் சிறுவர் விவரங்கள் சேர்வதையும், பின்தங்கிய, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது யோசனையில்லாமல் பதிவுகள் திறக்கப்படுவதையும் உச்ச நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. அதுவும் கணினிக் காலத்தில். காகிதமென்றால் கரையானாவது தின்னும். இணையத்தில் கோத்த காவல் நிலையப் பதிவை யார், எந்த நாளில் அழித்தார்கள் என்று எனக்கு எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அப்பா குடிப்பதை நிறுத்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். குறைத்திருக்கிறார். அம்மாவை அடிப்பதில்லை. நான் இப்போது சட்டம் கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. அதே நிலையம். ஏழாண்டு தாண்டிவிட்டது, ஆவணத்தை அழித்து எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள் என்று குழுமத்துக்கு மனு போட்டிருக்கிறேன். இரண்டு வாய்தா போயிருக்கிறது.

மனுவின் நகல்கள் இந்த மேசையில் இருக்கின்றன. உங்கள் தெருவில் யாருக்காவது தேவைப்படும், பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும். பதினெட்டு முடிந்தவர்களும் போடலாம். கேள்வி இருந்தால் கேளுங்கள் தோழர்களே, கடைசிப் பேருந்து ஒன்பதே காலுக்கு.