பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது
(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

பேச என்னை அழைத்த காரணம் எனக்குத் தெரியும். நான் படித்த பண்டிதன் அல்ல. தோல் கம்பெனி ஒன்றில் முப்பது ஆண்டு கணக்கெழுதினவன். ஆனால் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களின் பெயர்களை என் கையால் எழுதியவன். பெயர் படும் பாடு எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலும் இப்போது இதுதான் பேச்சு. பேரன் பிறந்திருக்கிறான். மகன், "வீரமான பெயராக வேண்டும்" என்கிறான். அவன் சொன்ன பெயர்களில் பாதி சினிமா போஸ்டரில் பார்த்தவை. மருமகளோ, "கூப்பிடச் சின்னதாக இருக்கட்டும் மாமா" என்கிறாள். என் வீட்டுக்காரி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தீர்ப்புக்கு முன் ஒரு சம்பவம். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த ஒருவர், சேமநிதிப் படிவத்தில் வாரிசாகத் தன் மகனை எழுதச் சொன்னார். "பெயர் என்ன?" என்றேன். "ராஜாங்க" என்றார். எழுதினேன். பல வருடம் கழித்து அவர் இறந்தார். பையன் பணம் கேட்டு வந்தபோது, பள்ளிச் சான்றிதழில் சவரிமுத்து, படிவத்தில் ராஜா. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் அலைந்தான். தகப்பன் ஆசையாய்க் கூப்பிட்டதில் குற்றமில்லை. "ஞானஸ்நானப் பெயர் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிய குற்றம் என்னுடையது. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

ஆகவே பெற்றோரே, செல்லப் பெயர் வீட்டோடு இருக்கட்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லையென்றால் அவசரப்பட்டு எதையாவது எழுதிவிடாதீர்கள். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். கோயில் பதிவேட்டிலும் நகராட்சிச் சான்றிதழிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து இருக்க வேண்டும்.

சரி, வீரமான பெயர் எது? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் வைக்காவிட்டால், குருவானவர் ஒரு புனிதர் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாது என்று மட்டும் சொல்கிறது. ஆகவே நல்ல தமிழ்ப் பெயருக்குத் தடையில்லை. நம் முன்னோர் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். முடி என்று பொருள்படும் ஸ்தேவானை முடியப்பன் ஆக்கினார்கள். அருளப்பர் என்பது யோவானின் பெயர்தான்.

இன்னொரு பெயர் லாசர். 'கடவுள் உதவினார்' என்பது அதன் பொருள். 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது 33. அங்கே அவர் பெற்ற பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். உத்தியோகம் போயிற்று, சிறை வந்தது, ஊர் ஊராக அவமானம் வந்தது. அவர் மறுதலிக்கவில்லை. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அப்போது சாதிப்பட்டம் பின்னால் ஒட்டவில்லை. தேவசகாயம் என்ற பெயரே போதுமாயிருந்தது.

கவனியுங்கள்: அந்தப் பெயரில் வாளும் இல்லை, புலியும் இல்லை. 'எனக்குத் துணை கடவுள்' என்கிற தாழ்மைதான் இருக்கிறது. அந்தத் தாழ்மையான பெயரைச் சுமந்த மனிதர் துப்பாக்கிக்கு முன் நின்றார். பெயருக்கு வீரத்தைக் கொடுத்தது அவர் வாழ்க்கை. சீமோனுக்கு ஆண்டவர் 'பாறை' என்று பெயரிட்டார்; அந்தப் பாறை ஒரே இரவில் மும்முறை மறுதலித்தது. ஆனாலும் ஆண்டவர் பெயரைத் திருப்பி வாங்கவில்லை. அழுது எழுந்த இராயப்பர் கடைசியில் அந்தப் பெயருக்கு ஏற்றவரானார். பெயர் பிள்ளைக்கு நாம் சூட்டும் பட்டமல்ல. அவன் வளர்ந்து எட்ட வேண்டிய அளவு.

பெயரைச் சோதிக்க மூன்று வழி சொல்கிறேன். ஒன்று, தொட்டிலருகே கூப்பிட்டதோடு நிறுத்தாமல், "ஐயா" சேர்த்துக் கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு, பீடத்திலிருந்து கல்யாண ஓலை வாசிப்பதுபோல், இன்ஷியலோடு உரக்கப் படியுங்கள். சிரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். மூன்று, ஐம்பது வயதில் ஒரு தொழிலாளியாகவோ, மேஸ்திரியாகவோ, மருத்துவராகவோ அவன் கையெழுத்திடுவதை எண்ணிப் பாருங்கள். எந்த வேலைக்கும் பொருந்தும் பெயரே நல்ல பெயர்.

இவற்றை வீட்டில் சொல்லி, "தேவசகாயம்" என்றேன். மகன் முகம் சுளித்து, "இது தாத்தா பெயர்ப்பா" என்றான். "அவனும் ஒரு நாள் தாத்தா ஆவானடா" என்றேன். அவன் சிரித்துவிட்டான். மருமகள், "வீட்டில் சகாய் என்று கூப்பிடுகிறேன் மாமா" என்றாள். நேர்ச்சையைத் தீர்க்க, ஜூன் 13ஆம் நாள் அந்தோணியார் திருநாளன்று அவன் கையால் ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பதாகப் பாட்டி சமாதானமானாள்.

வருகிற ஞாயிறு அவனுக்கு ஞானஸ்நானம். "இக்குழந்தைக்கு என்ன பெயர் சூட்டுகிறீர்கள்?" என்று சாமியார் கேட்பார். அது பிள்ளையைப் பற்றி நாம் சொல்லும் முதல் சாட்சி. யோசித்துச் சொல்வோம், சொன்னதைச் சரியாக எழுதுவோம். அந்தப் பெயருக்கு ஏற்றபடி பிள்ளையை வளர்க்கும் வேலை அன்றுதான் தொடங்குகிறது.