தகுதியும் இடமும்

தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன் நான். ஆணைகள், அறிவிக்கைகள், விண்ணப்பப் படிவங்கள் ஆகியவற்றைத் தமிழாக்குவது என் அன்றாட அலுவல். அவற்றில் அடிக்கடி வரும் சொற்களுள் ‘தகுதி’ என்பது ஒன்று. வயதுத் தகுதி, கல்வித் தகுதி, தகுதிப் பட்டியல் என்று அச்சொல்லை எத்தனையோ ஆயிரம் முறை எழுதியிருப்பேன். ஆயினும் அதன் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியது அகராதி அன்று, 42.195 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலை. அந்த அனுபவத்தையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாரத்தான் என்னும் நெடுந்தொலை ஓட்டத்தைப் பற்றி நேயர்கள் அறிந்திருப்பீர்கள். 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் அது இடம்பெற்றது. அதனால் ஊக்கங்கொண்ட பாஸ்டன் தடகளக் கழகத்தார், மறு ஆண்டே, அதாவது 1897 ஏப்ரல் 19ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள தம் நகரில் அத்தகைய ஓட்டம் ஒன்றை நடத்தினர். அன்று புறப்பட்டவர் 15 பேர். ஓடி முடித்தவர் 10 பேர். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மக்டெர்மாட் முதலாவதாக வந்தார். ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான் ஓட்டங்களுள் இதுவே மிகப் பழமையானது. ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கி, நியூட்டன் நகரத்து மேடுகளில் ஏறி இறங்கி, பாஸ்டனின் பாய்ல்ஸ்டன் தெருவில் முடிவது அதன் பாதை. முப்பத்திரண்டாம் கிலோமீட்டரைக் கடந்ததும், கால்கள் சோர்ந்திருக்கும் வேளையில் ஒரு மேடு எதிர்ப்படும். அதற்கு ‘நெஞ்சுடைக்கும் குன்று’ என்னும் பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள்.

1960களின் இறுதியில் அங்கு ஓட வருவோர் தொகை ஆயிரத்தைத் தாண்டிற்று. கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கருதிய கழகத்தார் 1970ஆம் ஆண்டில் ஒரு நிபந்தனை விதித்தனர். நான்கு மணி நேரத்திற்குள் ஓடி முடிக்கும் பயிற்சி உடையவர் என்பதற்குச் சான்று வேண்டும் என்றனர். அடுத்த ஆண்டே அந்த வரம்பு மூன்றரை மணியாகக் குறுகியது. பின்னர் வயதுக்கும் பாலுக்கும் ஏற்பத் தனித்தனி வரம்புகள் வகுக்கப்பட்டன. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கென விதித்த வரம்பு, 35 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கு 2 மணி 55 நிமிடம். அவ்வயது மகளிர்க்கு 3 மணி 25 நிமிடம். 45 முதல் 49 வயது வரையுள்ள ஆடவர்க்கு 3 மணி 15 நிமிடம். முறையாக அளந்து சான்றளிக்கப்பெற்ற பாதையில் நடக்கும் வேறொரு மாரத்தானில் இந்த நேரத்திற்குள் ஓடிக் காட்ட வேண்டும். அதன் பின்னரே பாஸ்டனுக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த ஏற்பாடு என்னைக் கவர்ந்தது. விளையாட்டுலகில் நாற்பதைக் கடந்தவனுக்கு இருக்கை பெரும்பாலும் பார்வையாளர் வரிசையிலேதான். இங்கோ, “உன் வயதுக்கு உரிய அளவு இது, முடிந்தால் எட்டிப்பிடி” என்று ஓர் அழைப்பு இருந்தது. நாற்பதாவது வயதில், அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கியவன் நான். மருத்துவர் நடக்கச் சொன்னார். லோதி தோட்டத்தில் நடந்தேன். நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் பழக்கமாயிற்று. ஆறு ஆண்டுகள் சென்றபின் அந்த 3 மணி 15 நிமிடம் எட்டாத கனியாகத் தோன்றவில்லை.

அந்த நேரத்தின் பொருள் யாதெனில், ஒவ்வொரு கிலோமீட்டரையும் 4 நிமிடம் 37 வினாடியில் கடக்க வேண்டும். அவ்வாறு நாற்பத்திரண்டு முறை, இடையில் ஓய்வின்றிக் கடக்க வேண்டும் என்பதாம். மனித உடல் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, இவ்வேகத்தில் ஓடினால் முப்பது கிலோமீட்டரை ஒட்டித் தீரத் தொடங்குகிறது. அதன் பின் உடல் கொழுப்பையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது; கொழுப்போ மெதுவாகத்தான் எரியும். சுவரில் மோதியது போலக் கால்கள் நின்றுவிடுவது அதனால்தான். ஆகவே பயிற்சி என்பது வேகத்தைக் கூட்டுவது மட்டும் அன்று. உள்ள சேமிப்பைச் சிக்கனமாகச் செலவிட உடலைப் பழக்குவதும் ஆகும். மாதச் சம்பளக்காரனுக்கு இது விளங்காத தத்துவமன்று.

2025ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் மும்பை மாரத்தானில் ஓடினேன். பொழுது புலருமுன் புறப்பட்டோம். இருளில் ஆயிரக்கணக்கான காலடிகளின் ஓசை மழை பெய்வது போலிருந்தது. முப்பது கிலோமீட்டர் வரை கணக்குப் பிசகவில்லை. திரும்பும் வழியில் பெடர் சாலை ஏற்றம் வந்தது. வெயில் ஏறிவிட்டது, கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை உலரவே இல்லை. அங்கே இழந்த வினாடிகளைக் கடைசிக் கிலோமீட்டர்களில் மீட்க முயன்றேன். எல்லைக்கோட்டைக் கடந்தபோது நேரம் 3 மணி 14 நிமிடம் 20 வினாடி. நாற்பது வினாடி மிச்சம்! அருகிலிருந்த கம்பியைப் பற்றிக்கொண்டு அழுதேன். என் மனைவி, “கால் வலிக்கிறதா?” என்று கேட்டாள். வலிக்கத்தான் செய்தது, அழுதது அதற்காக அன்று.

செப்டம்பரில் விண்ணப்பித்தேன். அந்த ஆண்டு ஏறத்தாழ 33,000 பேர் தகுதி பெற்று விண்ணப்பித்திருந்தனர். அவர்கட்கென இருந்த இடங்களோ சுமார் 24,000. எனவே அவரவர் வரம்பைவிட 4 நிமிடம் 34 வினாடியோ அதற்கு மேலோ விரைந்து ஓடியவர்க்கே இடம் கிடைத்தது. அலுவலக மேசையில், பயன்பட்ட காகிதத்தின் பின்புறத்தில் கழித்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்த நேரம் 3 மணி 10 நிமிடம் 26 வினாடி. நான் பிந்தியது கிலோமீட்டருக்கு ஐந்தரை வினாடி!

பக்கத்து இருக்கை நண்பர் கேட்டார்: “சார், தகுதி பெற்றுவிட்டேன் என்றீர்கள், இனிப்பும் கொடுத்தீர்கள். இப்போது இடமில்லை என்கிறீர்கள். இது என்ன கணக்கு?”

எனக்கு விடை தெரியாமலில்லை. வேலைவாய்ப்பு அறிவிக்கைகளின் அடியில் ஒரு வாக்கியம் வரும்: தகுதி பெறுவதனால் மட்டும் நியமனம் கோரும் உரிமை எழாது. அதை எத்தனையோ முறை தமிழாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கை தானே எழுதிச் சென்றது. அந்த வாக்கியத்தின் மறுபுறத்தில் நிற்கும் இளைஞர்களின் முகங்களை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். எனக்குப் போனது ஓர் ஓட்டம். அவர்களுக்குப் போவது பிழைப்பு.

மனக்குறையோடு அந்தப் போட்டியின் வரலாற்றைப் படிக்கலானேன். 1966ஆம் ஆண்டில் பாபி கிப் என்னும் இளம்பெண் பாஸ்டனில் ஓட விரும்பி விண்ணப்பித்தார். பெண்களின் உடல் அத்துணைத் தொலைவு ஓட ஏற்றதன்று என்று மறுத்துவிட்டனர். அவர் தொடக்க இடத்தருகே புதரில் மறைந்திருந்து, ஆடவர் பலர் கடந்தபின் கூட்டத்தில் கலந்து, எண் அட்டை இன்றியே ஓடினார். 3 மணி 21 நிமிடம் 40 வினாடியில் முடித்தார். மறு ஆண்டு காத்ரின் சுவிட்சர் என்பவர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் தந்து 261ஆம் எண்ணைப் பெற்று ஓடினார். நடுவழியில் போட்டி அலுவலர் ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண் அட்டையைப் பிடுங்க முயன்றார். உடன் ஓடியவர் ஒருவர் அவரைத் தள்ளிவிட்டார். சுவிட்சர் ஓடி முடித்தார். 1972இல்தான் பெண்களுக்கு முறையாகக் கதவு திறந்தது. ஆடவர்க்கு உரிய மூன்றரை மணி வரம்பே அவர்கட்கும் விதிக்கப்பட்டது. எட்டுப் பெண்கள் புறப்பட்டனர். எட்டுப் பேரும் முடித்தனர். அவர்களுள் முதலாவதாக வந்தவர் நீனா குஸ்சிக், மூன்று குழந்தைகளின் தாய்.

அவர் ஓடிய நேரத்தைப் படித்ததும் என் காகிதத்தைத் தேடி எடுத்து மீண்டும் பார்த்தேன். 3 மணி 10 நிமிடம் 26 வினாடி. எந்த நேரம் எட்டாமல் நான் வெளியே நின்றேனோ, வினாடி பிசகாமல் அதே நேரம்.

இது தற்செயலான ஒற்றுமையே. இதில் விதியின் கை எதையும் நான் காணவில்லை. ஆயினும் என் மனக்குறை அந்த நிமிடத்தில் அடங்கிற்று. வாயிற்காவலர் இருவகையான கேள்விகள் கேட்கக்கூடும். “நீ யார்?” என்பது ஒன்று, “நீ எவ்வளவு செய்தாய்?” என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு உழைப்பால் விடை கூற இயலாது. பாபி கிப் எத்துணை விரைவாக ஓடியிருந்தாலும், அவர் விண்ணப்பத்திற்குக் கிடைத்திருக்கும் விடை மாறியிராது. என்னிடம் கேட்கப்பட்டதோ இரண்டாம் கேள்வி. என் விடை போதவில்லை; அவ்வளவே. என் பெயர், நாடு, நிறம் எதுவும் அங்கே தடையாக நிற்கவில்லை. விடையைத் திருத்திக்கொள்ள என் கால்கள் இருக்கின்றன.

இடங்கள் குறைவாகவும் தகுதியுடையோர் மிகுதியாகவும் இருக்கும் இடங்களிலெல்லாம் எங்கோ ஒரு கோடு கிழித்தே தீர வேண்டும். அக்கோடு மனிதர் கிழித்தது, ஆண்டுக்காண்டு நகர்வது. கோட்டிற்கு வெளியே நிற்பவனைத் தகுதியற்றவன் என்று கொள்வது பிழை. கோட்டைக் கிழிப்பவர்களும், வெளியே நிற்பவர்களும், என்னைப் போல் அதை மொழிபெயர்ப்பவர்களும் இதை மறவாதிருப்பது நலம்.

கிலோமீட்டருக்கு ஐந்தரை வினாடி என்பது, இந்த வாக்கியத்தை நான் படித்து முடிக்கும் நேரத்தைவிடக் குறைவு. அதைக் குறைப்பதற்காக இப்போதும் விடியற்காலையில் லோதி தோட்டத்துக்குப் போகிறேன். அலுவலக நண்பர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், கணக்கு நேராயிற்றா என்று. “இன்னும் இல்லை, கழித்துக்கொண்டிருக்கிறேன்” என்கிறேன்.