பெயரற்றுப் போகும் முகங்கள்: பழைய ஒளிப்படங்களும் புலம்பெயர் தமிழர் இல்லங்களும்



மேலைநாட்டு நகரங்களில் வார இறுதியில் கூடும் பழம்பொருட் சந்தைகளில் ஒரு காட்சியைக் காணலாம். சப்பாத்துப் பெட்டிகளில் பழைய ஒளிப்படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மணக்கோலத்தில் ஓர் இணை, கடற்கரையில் ஒரு குடும்பம், புத்தகப் பையுடன் ஒரு குழந்தை என ஒவ்வொன்றும் விலைக்கு உண்டு. அவற்றைக் குனிந்து நின்று தேடுவோர் முதியவர்கள் மட்டுமல்லர். கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களைச் சுமந்து திரியும் இளையோரும் அவர்களுள் உளர்.

இந்த ஈர்ப்பின் காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. எண்ணிமப் படத்துக்கு அளவில்லை. எடுத்தவரே அதை மறுமுறை பார்ப்பதில்லை. தாளில் அச்சிட்ட படமோ கையில் ஏந்தக்கூடியது. மடிப்பும் கறையும் உடையது. பின்புறத்தில் எவரோ எழுதிய ஒரு வரியைத் தாங்கியது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாசிங்டன் தேசியக் கலைக்கூடம், ராபர்ட் ஜாக்சன் என்னும் சேகரிப்பாளர் திரட்டிய சாதாரண மக்களின் குடும்பப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டில் சிக்காகோவில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு பெட்டி நிறைந்த படச்சுருள்கள் ஏறத்தாழ 400 டொலருக்கு விலைபோயின. களஞ்சிய வாடகை செலுத்தப்படாமையால் ஏலத்துக்கு வந்த அவை, பிள்ளை பராமரிப்பாளராக வாழ்ந்த விவியன் மேயர் எடுத்தவை. வாங்கியவர் அவரைப் பற்றித் தேடி அறிந்தபோது, 2009இல் அவர் காலமாகிவிட்டிருந்தார். இன்று உலகம் போற்றும் ஒளிப்படக் கலைஞருள் அவரும் ஒருவர்.

இவ்வாறு சேகரிப்போரின் பணி போற்றத்தக்கதே. அவர்கள் இல்லையேல் பல படங்கள் குப்பைக்கே சென்றிருக்கும். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. குடும்பத்தின் படம் எவ்வாறு சந்தைக்கு வருகிறது? பெரும்பாலும் ஒரு முதியவர் மறைந்து, அவர் வீடு ஒழிக்கப்படும்போது வருகிறது. படத்தில் உள்ளவர் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாத முகத்தை வீட்டில் வைத்திருப்பதற்கு அவர்களுக்குக் காரணமும் இல்லை. ஆக, பெயர் மறைந்த பின்னரே படம் விலைப்பொருளாகிறது.

இந்தச் சந்தையில் தமிழரும் இருக்கின்றனர் என்பதைப் பலர் அறியார். 1890இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் போன்றவை ஆங்கிலேயர் காலத்தில் ஏராளமான பட அஞ்சலட்டைகளை வெளியிட்டன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களும், நகையணிந்து நிற்கும் சிறுமியரும் அவற்றில் இடம்பெற்றனர். இன்றும் அத்தகைய அட்டைகள் இணைய ஏலங்களில் விற்கப்படுகின்றன. அட்டையில் பதிப்பித்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். படத்தில் நிற்பவளோ வெறும் 'தமிழ்ப் பெண்'. அவள் எத்தோட்டத்தைச் சேர்ந்தவள், யாருடைய மகள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அது ஆண்டவர்கள் செய்த புறக்கணிப்பு. அதே புறக்கணிப்பைத் தமிழ் இல்லங்கள் தம் முன்னோருக்குத் தாமே செய்யலாமா என்பதே இங்குள்ள வினா.

தமிழர் தாமே விரும்பிச் சென்று எடுத்துக்கொண்ட படங்களின் வரலாறு வேறு. தமிழ்நாட்டு ஒளிப்பட நிலையங்களில் 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் துணையுடன் தேடி எண்ணிமப்படுத்தியுள்ளது. ஈழத்தமிழரின் நூல்களையும் ஆவணங்களையும் 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் காத்து வருகிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் முகங்களை அடையாளம் காட்ட எந்த நிறுவனத்தாலும் இயலாது. அது அக்குடும்பத்து முதியவருக்கு மட்டுமே இயலும்.

ஈழத்தமிழரைப் பொறுத்தவரை இழப்பின் ஆழம் பெரிது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோது வீடுகளோடு கைவிடப்பட்ட படத்தொகுப்புகளை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எனினும் ஒரு நல்வாய்ப்பு உண்டு. திருமணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள் எதுவாயினும் ஊரிலிருந்த உறவினர் ஒரு படியை வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பும் வழக்கம் இருந்தது. ஆதலின் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஓர் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் படமே, ஊரில் அழிந்துபோன ஒரு வீட்டின் ஒரே சான்றாக இருக்கக்கூடும்.

ஒரு படத்தின் பெறுமதி யாதென்பதை அறிய 2017ஆம் ஆண்டை நினைத்தாலே போதும். அவ்வாண்டில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கைகளில் ஏந்தியிருந்தவை ஒளிப்படங்களே. அவர்களிடம் எஞ்சியிருந்த சான்று அது. அம்முகங்களுக்குப் பெயர் சொல்ல ஒரு தாய் இருந்தாள்.

இனிச் செய்யவேண்டியது யாது?

முதலாவது, முதியவரோடு அமர்தல். படத்தைக் காட்டி அவர் பேசுவதைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். பெயரோடு நின்றுவிடாது, எந்த ஊர், யார் வீட்டு முற்றம், படத்தில் இல்லாதவர் யார், ஏன் இல்லை என்றும் வினவுதல் நன்று.

இரண்டாவது, எழுதி வைத்தல். தாள் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். குமிழ்முனைப் பேனா படத்தின் முகப்பில் தடம் பதிக்கும். ஒட்டும் தாள் கொண்ட தொகுப்பிலிருந்து படத்தைப் பிய்த்தெடுக்க முயலாது, பக்கத்தோடு சேர்த்தே படியெடுப்பது பாதுகாப்பானது.

மூன்றாவது, எண்ணிமப்படுத்தல். 1970களின் வண்ணப் படங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் நிறம் மங்கிச் சிவக்கும் இயல்புடையவை; அவற்றுக்கே முன்னுரிமை தேவை. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வருடியால் படியெடுத்து, கோப்பின் பெயரையும் விவரத்தையும் தமிழ் ஒருங்குறியில் எழுதினால் பிற்காலத்தில் தேடிக் கண்டடையலாம். மூன்று படிகள் இருத்தல் வேண்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது நன்று. செய்திச் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கி விவரங்களை நீக்கிவிடுவதால், அவற்றில் பகிர்வதைப் பாதுகாத்தலாகக் கொள்ளலாகாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படத்தில் இருப்போர் சிலர் இன்றும் தாயகத்தில் வாழக்கூடும். அவர்தம் இசைவின்றி ஊரும் பெயரும் பொதுவெளியில் இடுவது அவர்களுக்கு இடர் தரலாம். காப்பது வேறு, வெளியிடுவது வேறு.

இளையோர்களே, முன்பின் அறியாத ஒருவரின் பழைய படத்தைச் சந்தையில் விலைகொடுத்து வாங்கும் ஆர்வம் நல்ல ஆர்வமே. அந்த ஆர்வம் முதலில் அம்மம்மாவின் அலுமாரிக்குச் செல்லட்டும். அங்குள்ள படங்களுக்கு விலை இல்லை. விளக்கம் சொல்ல ஆளும் உண்டு. பெற்றோர்களே, இவ்வார இறுதியில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு தொகுப்பு, ஒரு பென்சில் போதும். பெயர் தெரிந்தவர் இருக்கும்போதே பெயர்களை எழுதிவிடுங்கள்.