குழந்தைகளின் உணவும் நமது கடமையும்



கன்றுக்கு மிச்சம் வையாமல் ஒட்டக் கறப்பவனை நாம் நல்ல உழவன் என்று சொல்வதில்லை. நாற்று நோஞ்சலாக இருந்தால் நடவு தேறாது என்பதற்காகவே நாற்றங்காலுக்குத் தனி எருவிட்டுப் பக்குவம் பார்க்கிறோம். கன்றுக்கும் நாற்றுக்கும் காட்டும் இந்தக் கவனத்தை நம் குழந்தைகளின் கலத்திலும் காட்டுகிறோமா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. 1956இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவை விரிவாகத் தொடங்கி வைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. சர்க்கார் செய்வது ஒரு பாதி. வீட்டில் நாம் பழக்கும் பழக்கமே மறு பாதி.

விற்பதும் உண்பதும்

பல வீடுகளில் நடப்பது என்ன? கறந்த பால் முழுவதும் விடியுமுன் சங்கத்துக்குப் போகிறது; குழந்தைக்குக் கிடைப்பது தேநீர். முட்டை சந்தைக்குப் போகிறது. அந்தக் காசில் வறுவல் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. கொல்லையில் முருங்கை தழைத்து நிற்கிறது. அதன் கீரையை ஆடு தின்கிறது.

விற்க வேண்டாமென்று நாம் கூறவில்லை. கடனும் வட்டியும் உள்ள வீட்டில் பால் காசு எத்துணை இன்றியமையாதது என்பதை அறிவோம். ஒரு வயது கடந்த குழந்தைக்கு முதல் ஆழாக்கு, மீதி சங்கத்துக்கு என்று வரிசையை மாற்றுவோம் என்றே வேண்டுகிறோம்.

உணவோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறைகிறது. கீரையோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்ந்தால் அது கூடுகிறது. கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதே எடை அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. களியும் கூழும் வறுமையின் அடையாளமென்று நாம் வெட்கப்பட்டதால் இழந்தது இதுவே.

பழக்கும் முறை

ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, வாழைப்பழம் ஆகியவற்றைத் தொடங்க வேண்டும். புதிய உணவைக் குழந்தை முதலில் துப்பும். அதைக் கண்டு விட்டுவிடலாகாது; சிறிது சிறிதாகப் பத்து முறை கொடுத்தால் நாவுக்குப் பிடிபடும். அடித்து ஊட்டுவது தவறு. 'சாப்பிட்டால் மிட்டாய்' என்று ஆசை காட்டுவதும் தவறு; சோறு தண்டனை, மிட்டாய் பரிசு என்றே குழந்தை கற்றுக்கொள்ளும். தகப்பன் பாகற்காயை ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும். ஆண்பிள்ளைக்கு முட்டை, பெண்பிள்ளைக்குக் குழம்பு என்ற வழக்கம் நம் வீடுகளில் அறவே ஒழிய வேண்டும்.

குழந்தைக்கென ஒரு சிறு பாத்தி ஒதுக்குங்கள். சிறுகீரை விதைத்தால் ஏறக்குறைய நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். தான் நீர் ஊற்றி வளர்த்த கீரையைக் குழந்தை தானே கேட்டு உண்ணும்.

பஞ்சாயத்தின் பங்கு

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கலாகாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி கூறுகிறது. ஆயினும் கடைக்காரரும் நம்மவரே. அவர் பிழைப்பைக் கெடுப்பது நம் நோக்கமன்று. பொட்டுக்கடலை, அவித்த சுண்டல், கொய்யா இவற்றை வாங்குவோம் என்று பெற்றோர் உறுதி கூறினால் அவர் அவற்றையே வைப்பார். அங்கத்தினர்கள் முதலில் அவரிடம் அமர்ந்து பேசுவார்களாக.

அங்கன்வாடியில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் என்றும் இருக்க வேண்டும். கழுவிய நீர் வாழைக்கும் பப்பாளிக்கும் பாயட்டும். குடலில் கொக்கிப்புழு இருந்தால் உண்ட சத்தும் வீணே. ஆதலால் கழிப்பறையும் காலணியும் பழக்கமாக வேண்டும்; பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் புழுநீக்க மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

கிராம சபையில் சாலையையும் தெருவிளக்கையும் பற்றிக் கேட்கிறோம். இனி, எடை குறைந்த குழந்தைகள் நம் ஊரில் எத்தனை பேர் என்றும் கேட்போம். பெயரைப் படித்துத் தாய்மாரை நாணச் செய்ய வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த சபையில் அந்த எண் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டியதில்லை. நாளை விடியலில் பால் கறந்ததும் முதல் ஆழாக்கைத் தனியே எடுத்து வைப்போம், அங்கிருந்து தொடங்குவோம்.