முகம் மறையும் கதாநாயகன்



கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நாகர்கோவிலுக்குப் போகிறது. என் இளமையில் தமிழெழுத்து எனக்கு அச்சாலை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. வீட்டில் தமிழ் பேசினோம். பள்ளியில் நான் கற்றதோ மலையாள எழுத்து. நாகர்கோவிலில் மின்வாரியப் பணியில் இருந்த என் மாமா, மாதம் ஒருமுறை எங்களைக் காண வருவார். வரும்போது பழைய புத்தகக் கடையில் வாங்கிய சித்திரக்கதைகள் சிலவற்றைப் பைக்குள் மடித்து வைத்துக் கொண்டு வருவார். பெரும்பாலானவற்றுக்கு அட்டை இராது. அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்தே நான் தமிழ் கற்றேன். இன்று மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக ஊதியம் பெறுகிறேன் என்றால், அதற்கு முதற்காரணம் நன்னூல் அன்று, இரும்புக்கை மாயாவி. பிறமாநிலங்களில் வளர்ந்த உங்களுள் பலருக்கும் இத்தகைய ஆசிரியர் எவரேனும் வாய்த்திருப்பார்.

அந்த மாயாவியைத் திரைப்படமாக எடுக்கப் போவதாகப் பல ஆண்டுகளாகவே பேச்சு நடந்து வருகிறது. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் பெயரில் ஒரு படம் எடுப்பது தம் நெடுநாள் விருப்பம் என்று பேட்டிகளில் பன்முறை கூறியிருக்கிறார். முதலில் சூரியாவின் பெயர் அடிபட்டது. 2025-ஆம் ஆண்டில், லோகேஷ் இயக்கும் ஒரு ‘சூப்பர் ஹீரோ’ படத்தில் தாம் நடிக்கவிருப்பதாக ஆமிர்கான் சொன்னவுடன், அது இதுதானோ என்று பத்திரிகைகள் எழுதின. எவர் நடிப்பார், எப்போது எடுப்பார் என்ற ஆராய்ச்சியை நான் மேற்கொள்ளப் போவதில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்பதே என் கவலை.

கதையை அறியாத இளையோருக்காகச் சில சொற்கள். 1962-ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் ‘ஸ்டீல் கிளா’ என்ற தொடர் வெளிவந்தது. எழுதத் தொடங்கியவர் கென் பல்மர் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் பார்சிலோனா நகரத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. விஞ்ஞானி ஒருவரின் உதவியாளனான லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப் பெற்றவன். பின்னொரு நாள் ஆராய்ச்சிக் கருவி வெடித்து, கடும் மின்சாரம் அவன் உடலிற் பாய்கிறது. உடனே உடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாது மறைந்துவிடுகிறது; அந்த எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது! மின்சாரத்தின் வலிமை குறைந்ததும் உருவம் மீளும். மறுபடி மறைய வேண்டுமெனில் மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும்.

இக்கதை தமிழுக்கு 1972-இல் வந்தது. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’தான். இந்தத் தலைப்பைப் பற்றி என் தொழில் முறையில் சற்றே பேச அனுமதியுங்கள். ஆங்கிலத் தலைப்பு எஃகாலான கூர்நகத்தை மட்டுமே சொல்கிறது. அதில் விலங்கு இருக்கிறது, மனிதன் இல்லை. தமிழாக்கியவர் நகத்தை விட்டுக் கையைப் பிடித்தார். எஃகைச் சிறுவர் நாவுக்கு எளிய இரும்பாக்கினார். மூலத்தலைப்பில் இல்லாத மாயாவியை உடன் சேர்த்தார். அதிலும் மாயாவி என்பது நல்லவனைக் குறிக்க வந்த சொல் அன்று. வாலியோடு பொருது, தோற்றுக் குகைக்குள் ஓடிய அசுரனின் பெயர் மாயாவி. சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக் காலந்தள்ளும் எனக்கு இப்படியொரு தலைப்பு ஒருமுறையேனும் வாய்த்ததில்லை.

அசுரப் பெயர் பொருத்தமானதே. கிராண்டேல் தொடக்கத்தில் நல்லவன் அல்லன். யாரும் தன்னைக் காண முடியாது என்று அறிந்ததும் அவன் மனம் திரிகிறது, கொள்ளையில் இறங்குகிறான். திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பில் சேர்ந்து உலகைக் காப்பதெல்லாம் பின்னர்தான். என் மாமா கொணர்ந்த முதற் பிரதியில் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. ஆதலால் இவன் நல்லவனா, கெட்டவனா என்பது தெரியாமலே ஓராண்டுக்கும் மேலாக நான் அவனை நேசித்தேன். மாமாவிடம் கேட்டபோது, “அது தெரியாது மருமகனே. ஆனால் நீ சுவர்ப் பிளக்கில் விரலை வைத்தாயானால் மறையமாட்டாய், மாண்டுபோவாய், அதை மட்டும் நினைவில் வை” என்றார். மின்வாரிய ஊழியரிடம் இதைக் கேட்டது என் பிழை.

நிற்க. திரைப்படத்துக்கு வருவோம். தமிழ்த் திரையரங்கில் மக்கள் காண வருவது கதாநாயகனின் முகத்தை. அம்முகம் முதன்முதல் திரையில் தோன்றும்போது பூத்தூவி ஆரவாரம் செய்வது நம் வழக்கம். மாயாவியோ வீரம் காட்ட வேண்டிய அந்தக் கணத்திலேயே முகத்தை இழப்பவன். பெரும்பொருள் கொடுத்து அமர்த்திய நடிகரின் முகத்தைச் சண்டைக் காட்சிகளில் காட்டாமலிருக்கத் தயாரிப்பாளர் எவர்தாம் துணிவார்? 1987-இல் வந்த ‘மிஸ்டர் இந்தியா’ என்னும் இந்திப் படத்தில் அனில் கபூர் மறைந்துபோகும் நாயகனாக நடித்தார். சிவப்பு ஒளியில் மட்டும் உருவம் தெரியும் என்று ஓர் உபாயம் செய்தார்கள். அதுவே 1989-இல் பாக்யராஜ் நடிப்பில் ‘என் ரத்தத்தின் ரத்தமே’ எனத் தமிழில் வந்தது. அந்த உபாயத்தை நான் குறை கூறவில்லை. அந்தக் கதைக்கு அது அழகாகவே பொருந்திற்று. இங்கே அத்தகைய ஒளி எதுவும் தேவையில்லை. காட்டுவதற்குக் கை இருக்கிறது. இருளில், பிளாஸ்கோவின் கறுப்பு மசியில், ஒரு கதவின் பிடியை அக்கை மெல்லத் திருப்பும் படம் என் நெஞ்சில் இன்னும் நிற்கிறது. பிடியைத் திருப்புபவனின் முகம் எத்தகையது என்று எண்ணி எண்ணியே அன்று அஞ்சினேன். முகத்தைக் காட்டியிருந்தால் அச்சம் போயிருக்கும்.

முடியாத செயலன்று இது. வெல்ஸ் எழுதிய மறைமனிதன் கதையை 1933-இல் ஹாலிவுட்டில் ஜேம்ஸ் வேல் படமாக்கினார். கிளாட் ரெயின்ஸ் என்ற நடிகரின் முகம் அதன் கடைசிக் காட்சியில்தான் தெரிகிறது. படம் முழுவதும் கட்டுத் துணியும் குரலுமே. அப்படத்தினாலேயே அவர் புகழ் பெற்றார்.

இன்னொரு கவலையும் உண்டு. நம்மவர் கதாநாயகனைப் பிழை செய்ய விடுவதில்லை. கொள்ளையடித்தாலும் ஏழைக்காகத்தான் அடித்தான் என்பார்கள். நோயுற்ற தாய் ஒருத்தியைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்துவார்கள். கிராண்டேலுக்கு அத்தகைய சாக்கு ஒன்றும் கிடையாது. தன்னை யாரும் காணவில்லை என்பதொன்றே அவன் கெட்டதற்குக் காரணம். அதை மழுப்பிவிட்டால் எஞ்சுவது வெறும் இரும்பு.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. அந்நம்பிக்கையை எனக்கு அளித்தவர்கள் அண்டை வீட்டாரான மலையாளிகள். அவர்களிடம் மாயாவி என்றால் ‘பாலரமா’ இதழில் குட்டூசனையும் டாகினியையும் அலைக்கழிக்கும் குட்டிப் பூதத்தைத்தான் நினைப்பார்கள். என் அலுவலக நண்பர்களிடம் இரும்புக்கையை விளக்கிச் சொல்லவே எனக்கு ஆண்டுகள் ஆயின! அது போகட்டும். 2021-இல் பேசில் ஜோசப் எடுத்த ‘மின்னல் முரளி’யில் நாயகன் ஓர் ஊர்த் தையற்காரன். அதே மின்னல் தாக்கி அதே வல்லமை பெற்றுக் கொடியவனாகும் ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம். கொடியவனுக்காகவும் நாம் கலங்கினோம். 2025-இல் டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலியை எடுத்துக்கொண்டது. கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்த ஊர். நீலி கதை தென்திருவிதாங்கூரில் தமிழ் வில்லுப்பாட்டாகவும் ஒலித்தது. இரத்தம் குடிக்கும் யட்சி என்று ஊர் அஞ்சிய அவளைப் பெங்களூரில் குடியிருத்தி, காப்பவளாக்கிக் காட்டினார்கள். அதற்காக அவளுடைய கோரைப்பற்களைப் பிடுங்கிவிடவில்லை. நம் பக்கத்துக் கதையை அவர்கள் இவ்வளவு தேர்ச்சியுடன் கையாண்டதில் எனக்கு மகிழ்ச்சியும், ஒப்புக்கொள்கிறேன், சிறிது பொறாமையும் உண்டு.

நீலி நம் மண்ணின் மகள், கிராண்டேலோ அயல்நாட்டான் அல்லனா என்று ஒருவர் கேட்கலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பேசி வருபவனை அயலான் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் கோட்டும் சூட்டும் அணிந்தே இருக்கட்டும். அவன் பேசும் தமிழ் மட்டும் அந்தப் பழைய தமிழாக, “சகாக்களே, எச்சரிக்கை!” என்னும் வகைத் தமிழாக இருக்கக் கூடாதா? நகைப்புக்கிடமாகும் என்பார்கள். நாங்கள் நகைக்காமல் படித்த தமிழ் அது.

மாமாவுக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. படம் வெளிவந்தால் திருவனந்தபுரத்தில் பார்ப்பதில்லை, பேருந்தேறி வடசேரியில் இறங்கி நாகர்கோவில் அரங்கொன்றிலேயே பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். போன வாரம் தொலைபேசியில் என் கவலைகளையெல்லாம் அவரிடம் அடுக்கினேன். முகத்தைப் பற்றியோ பாவத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கூறவில்லை. “எத்தனை வோல்ட் என்று சரியாகச் சொல்கிறார்களா, அதைப் பார்ப்போம்” என்றார்.