வின்ச்சும் நம்ம குழுக் கடனும்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுல பழைய டிராக்டரும், பக்கத் தடுப்பு இல்லாத ஒரு டிரெய்லரும் இருக்கு. ஓடாம நின்னுபோன பவர் டில்லர், பைக், சின்ன லோடு ஆட்டோ எல்லாத்தையும் ஏத்தி டவுன் பட்டறைக்குக் கொண்டுபோறதுதான் எங்க பிழைப்பு. பலகை போட்டு, நாலு பேர் தள்ளித்தான் ஏத்துவோம். ஒருநாள் மழையில பலகை வழுக்கி, டில்லர் பின்னால உருண்டு, எங்க வீட்டுக்காரர் கால் முறிஞ்சுபோச்சு. மூணு மாசம் படுக்கை.

அப்பதான் வின்ச் மாட்டலாம்னு முடிவு பண்ணினோம். உருளையில் கம்பி வடத்தைச் சுத்தி வண்டியை இழுக்கிற மோட்டார் அது. டிராக்டரோட 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். குழுவுல 30,000 ரூபாய் கடன் கேட்டேன். "வீட்டுக்காரர் தொழிலுக்கு நம்ம சேமிப்பா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. "கணக்கும் வேலையும் என் கையில இருக்கும் அக்கா"ன்னு சொல்லி வாங்கினேன்.

பட்டறையில் டிரெய்லரோட முன்பக்கத் தகட்டிலேயே வின்ச்சை வெல்டிங் வச்சுக் கொடுத்தாங்க. முதல் டில்லரை இழுக்கும்போதே தகடு உப்பிக்கிட்டு வந்துச்சு, வெல்டிங் கீறல் விட்டுச்சு. "நிறுத்துங்க"ன்னு கத்தினேன். நான் நின்னது கம்பிக்கு நேர் எதிரில். வின்ச் பிடுங்கிட்டு வந்திருந்தா இன்னிக்கு உங்க முன்னாடி நின்னு பேசியிருக்க மாட்டேன்.

வின்ச் எவ்வளவு பலமா இருந்தாலும், அது உட்கார்ந்திருக்கிற இடத்தோட பலம்தான் அதோட பலம். அதனால அதைக் கழட்டி, அடிச்சட்டத்தோட ரெண்டு சேனலுக்கும் குறுக்கே தடிப்பான இரும்புத் தகடு வச்சு, போல்ட் போட்டு முறுக்கினோம். பேட்டரியிலிருந்து தடி வயரும் ஃபியூஸும் போட்டோம்.

நாங்க பட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன். ஏத்துற வண்டி எடையை விட ஒண்ணரை மடங்காவது இழுக்கிற வின்ச்சா வாங்குங்க. உருளையில் கம்பி அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். கம்பியை எவ்வளவு விட்டாலும் அஞ்சு சுத்தாவது உருளையில் மிச்சம் இருக்கணும். ரெண்டு சக்கர டிரெய்லரா இருந்தா, பின்னால எடை ஏறினதும் முன்பக்கம் தூக்கும். டிராக்டரோட மாட்டி, பிரேக் போட்டு, பின்பக்கம் முட்டுக்கொடுத்த பிறகுதான் இழுக்கணும். கம்பி மேல நனைச்ச சாக்கைப் போடுங்க. அறுந்தா சாட்டை மாதிரி வீசுற வேகம் குறையும். கம்பிக்கு நேரே யாரும் நிக்கக்கூடாது, குழந்தைங்களைக் கிட்டயே விடாதீங்க. வண்டி ஏறினதும் பெல்ட் போட்டுத் தனியாக் கட்டணும். வின்ச்சை நம்பி ரோட்டுல ஓட்டக்கூடாது.

இப்ப ரெண்டு பேரே போதும். அவர் ஸ்டியரிங் பிடிப்பார், ரிமோட் என் கையில. வாடகை நோட்டும் என்கிட்டதான். 20 தவணையில் 17 கட்டியாச்சு. அன்னிக்குக் கேள்வி கேட்ட அந்த அக்கா, போன மாசம் தன் வீட்டு டில்லரை ஏத்த என்னைத்தான் கூப்பிட்டாங்க. அவங்க கேட்டதாலதான் நான் ரிமோட்டைக் கையில எடுத்தேன்.