உரம் வாங்கும் முன் வேரைப் பாருங்கள்

(ஓரிக்கையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நாற்று வெளுத்துப் போச்சு என்றால் நாம் என்ன செய்கிறோம்? விதைக்காரரைத் திட்டுகிறோம். அடுத்து, குழுவில் கடன் எடுத்து யூரியா வாங்குகிறோம். சில நிலங்களில் குற்றம் விதையிலும் இல்லை, உரத்திலும் இல்லை. தண்ணீரோடு வந்து மண்ணில் தங்கிவிட்ட உலோகத்தில் இருக்கிறது.

இதற்கு நம் பாலாறே சாட்சி. மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவுநீர் பல வருஷம் சுத்திகரிக்காமலே அங்குள்ள ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ கெட்டுவிட்டது என்று 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30-ல் மறுபடி உத்தரவு போட்டது. 1996-ல் பிறந்த பெண் குழந்தை இன்று தாயாகியிருப்பாள். உலோகம் குப்பை மாதிரி மக்கிப் போகாது, அதுதான் காரணம்.

விதைநெல்லுக்குள் மாவு இருக்கிறது. அது சர்க்கரையாக மாறினால்தான் முளைக்குச் சாப்பாடு. குரோமியம் மிகுந்தால் அந்த மாற்றம் மந்தமாகிவிடும். வீட்டில் அரிசி இருந்தும் உலை வைக்க முடியாத கதைதான். அடுத்து, வேர் நுனி வளராமல் நின்று கட்டையாகிப் பழுப்பேறும். பக்க வேர் குறையும். இரும்புச்சத்தைச் சரியாக எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். நாம் இலையைப் பார்த்து உரம் போடுகிறோம். நோயோ வேரில்!

இரண்டு சட்டி எடுங்கள். ஒன்றில் சந்தேகப்படும் மண், இன்னொன்றில் நல்ல மண். இரண்டிலும் 20 விதைநெல் போட்டு ஒரே மாதிரி நல்ல தண்ணீர் விடுங்கள். 10 நாள் கழித்து வேரோடு எடுத்து அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேரில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பணும். ஏனென்றால் உப்பு மிகுந்தாலும் இப்படி ஆகும். மண்வள அட்டையில் பார்க்கும் 12 விவரங்களில் குரோமியம் கிடையாது. அதைத் தனியாகக் கேட்கணும். ஒருத்தியாகப் போகாமல் குழுவாக மனு கொடுங்கள்.

மக்கிய தொழுஉரம் குரோமியத்தின் கடுமையைக் குறைக்கும், ஆனால் மண்ணை விட்டு அகற்றாது. சில சாயங்களிலும் குரோமியம், தாமிரம் உண்டு. அதனால் சாயத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு சட்டி நாற்றோடு வாங்க. வேரைப் பார்த்த பிறகு உரக் கடனைப் பற்றிப் பேசுவோம்.